"இந்தக் கடன் யாருடையது?" - கணக்கியல் மாணவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய வர்த்தகச் சட்டம்

நீங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ கணக்கியல் படிக்கிறீர்களா? அப்படியென்றால் முதல் பருவத்திலேயே ஒரு விதியைக் கேட்டிருப்பீர்கள்: "வர்த்தகம் வேறு, உரிமையாளர் வேறு." கடைப் பணத்தில் உரிமையாளர் தமக்கு ஒரு சட்டை வாங்கினால் அது கடையின் செலவாகாது. 'டிராயிங்ஸ்' கணக்கில்தான் எழுதவேண்டும்.

அடுத்த பருவத்தில் வர்த்தகச் சட்டம் பாடமாக வருகிறது. அதே கடை, அதே உரிமையாளர். ஆனால் சட்டப் புத்தகம் "இருவரும் ஒருவரே" என்கிறது!

"என்னடா இது, எதை நம்புவது?" என்று தோன்றுகிறதா? இரண்டுமே சரிதான். கணக்கியல் கேட்கும் கேள்வி: வர்த்தகம் எப்படி நடக்கிறது? சட்டம் கேட்கும் கேள்வி: பணம் கொடுக்கமுடியாமல் போனால் யாரைப் பிடிப்பது? இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் வர்த்தகச் சட்டத்தில் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. தேர்வுக்கு மட்டுமில்லை, நண்பர்களோடு சேர்ந்து இணையத்தில் ஏதாவது விற்க நினைக்கிறீர்கள் என்றாலும் இது உதவும்.

சிங்கப்பூரில் உள்ள சட்டத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தனி உரிமையாளர்: கணக்கில் இருவர், சட்டத்தில் ஒருவர்

உங்கள் அக்கா மருதாணி, மணப்பெண் ஒப்பனைத் தொழில் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் தனி உரிமையாளராகப் பதிவும் செய்திருக்கிறார். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்கிறது. அழகான பெயர், சின்னம், இன்ஸ்டகிராம் பக்கம் எல்லாம் உண்டு.

பொருள் கொடுத்தவருக்கு 8,000 வெள்ளி பாக்கி. தொழில் கணக்கில் இருப்பது 1,500 வெள்ளி. மீதி 6,500 வெள்ளி?

அக்காதான் கொடுக்கவேண்டும். அவருடைய சொந்தச் சேமிப்பு, கார், நகை எதிலிருந்தும் அந்தக் கடனை வசூலிக்க வழியுண்டு. மத்திய சேமநிதிக் கணக்கில் இருக்கும் பணத்தைச் சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் "அது கடைக் கடன், என் கடன் இல்லை" என்று மட்டும் அக்கா சொல்லமுடியாது. சட்டத்தின் பார்வையில் அந்தத் தொழில் தனி ஆள் இல்லை. அது அக்காவின் இன்னொரு பெயர், அவ்வளவுதான்.

கடன் 15,000 வெள்ளியைத் தொட்டு, அதைக் கட்டமுடியாமல் போனால் நொடிப்பு வழக்குக்கூட வரலாம். நொடிப்பு நிலையில் இருப்பவர் அனுமதி இல்லாமல் ஒரு நிறுவனத்தின் இயக்குநராக இருக்கமுடியாது.

அதனால் தனி உரிமையாளரின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். அதில் வர்த்தகத்தின் சொத்து மட்டும்தான் இருக்கும். ஆனால் அதிலிருக்கும் கடனுக்கு உரிமையாளரின் மொத்தச் சொத்தும் பொறுப்பு.

கூட்டாண்மை: கையெழுத்தே போடாமல் பங்காளி ஆகலாம்!

இதுதான் இளையர்கள் அதிகம் கவனிக்கவேண்டிய இடம்.

நீங்களும் இரண்டு நண்பர்களும் தீபாவளிக்கு முறுக்கும் பிஸ்கட்டும் செய்து விற்கிறீர்கள். வாட்ஸ்அப் குழு ஒன்று. வரும் பணம் ஒருவருடைய பேநவ் எண்ணுக்கு. "லாபத்தைப் பிரிச்சுக்கலாம்" என்று வாய்ப்பேச்சு. பதிவும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

நீங்கள் மூவரும் கூட்டாளிகளா?

பெரும்பாலும் ஆமாம். சிங்கப்பூரில் நடப்பில் இருக்கும் கூட்டாண்மைச் சட்டம் 1890-ஆம் ஆண்டு பிரிட்டனில் இயற்றப்பட்டது. லாப நோக்கத்தோடு சிலர் சேர்ந்து வர்த்தகம் நடத்தினால் அது கூட்டாண்மை என்கிறது அது. எழுத்து வடிவ ஒப்பந்தம் கட்டாயமில்லை. "நாங்க சும்மா ஃபிரெண்ட்ஸ்தான்" என்று நீங்கள் சொல்வதைவிட, நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள் என்பதையே நீதிமன்றம் பார்க்கும். பதிவு செய்யவேண்டிய வர்த்தகத்தைப் பதிவு செய்யாமல் நடத்துவது தனிக் குற்றம். ஆனால் பதிவு செய்யவில்லை என்பதால் கூட்டாண்மை இல்லாமல் போய்விடாது.

இதில் என்ன சிக்கல்? மூன்று விஷயங்கள்.

முதலாவது: வர்த்தகத்தின் வழக்கமான வேலைக்காக ஒரு கூட்டாளி செய்யும் ஒப்பந்தம் எல்லாரையும் கட்டுப்படுத்தும். நண்பர் ஒருவர் உங்களைக் கேட்காமலேயே 6,000 வெள்ளிக்கு டப்பாவும் மாவும் ஆர்டர் கொடுத்துவிட்டார். முறுக்கு வியாபாரத்துக்கு அது வழக்கமான செலவு. ஆகவே அது மூவருடைய கடன். அவர் குழுவின் பெயரில் மோட்டார்சைக்கிள் வாங்கியிருந்தால் கதை வேறு. அது வழக்கமான வேலைக்குள் வராது.

இரண்டாவது: பொருள் கொடுத்தவர் முழு 6,000 வெள்ளியையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். "என் பங்கு 2,000 வெள்ளிதானே" என்ற வாதம் அவரிடம் எடுபடாது. முழுவதையும் கட்டிவிட்டு, மற்ற இருவரிடமும் ஆளுக்கு 2,000 வெள்ளி நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும். ஒருவர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டார், இன்னொருவர் தேசிய சேவையில், கையில் காசு இல்லை என்றால்? பாரம் உங்கள் தலையில்.

மூன்றாவது: நீங்கள் வேறு மாதிரி பேசிவைக்காவிட்டால் லாபமும் நட்டமும் சமமாகத்தான் பிரியும். நீங்கள் 5,000 வெள்ளி போட்டிருக்கலாம், நண்பர் 500 வெள்ளி போட்டிருக்கலாம். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றது நீங்களாகவும் இருக்கலாம். சட்டத்தின் இயல்பு விதி: லாபத்தில் சம பங்கு, வேலைக்குச் சம்பளம் கிடையாது, முதலுக்கு வட்டி கிடையாது. பேசிய முதலுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி உண்டு.

கணக்கியல் பாடத்தில் லாபப் பகிர்வுக் கணக்கு போடுவீர்களே? கேள்வியின் ஓரத்தில் "கூட்டாளிகள் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி இந்த விதிகள் அத்தனையையும் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. எத்தனையோ நட்பு முறிந்ததும் அந்த ஒரு வரியால்தான்.

தீர்வு சுலபம். யார் எவ்வளவு போடுகிறார்கள், லாபம் எப்படிப் பிரியும், எத்தனை வெள்ளிக்கு மேல் செலவு செய்ய எல்லாருடைய சம்மதமும் வேண்டும், ஒருவர் விலகினால் என்ன ஆகும்? ஒரே பக்கத்தில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் அந்தத் தாள் உங்கள் மூவருக்குள் மட்டும்தான். அதைப் பற்றித் தெரியாத வெளியாளின் கடனிலிருந்து அது உங்களைக் காப்பாற்றாது.

பிரைவேட் லிமிடெட்: சட்டம் பெற்ற பிள்ளை

வெளியாளின் கடனிலிருந்து தப்பிக்க வழியே இல்லையா? இருக்கிறது. அதற்குப் பெயர் நிறுவனம்.

லண்டனில் ஏரன் சாலமன் என்பவர் தோல் காலணி செய்யும் தொழில் நடத்தினார். 1892-இல் அதை நிறுவனமாக மாற்றினார். பங்குதாரர்கள் ஏழு பேர்: அவர், மனைவி, ஐந்து பிள்ளைகள். குடும்பத்தார் ஆளுக்கு ஒரு பங்கு வைத்திருந்தார்கள். மீதி 20,001 பங்குகள் அவருடையவை. நிறுவனம் நொடித்துப்போனது. "பெயருக்குத்தான் நிறுவனம், உண்மையில் எல்லாம் சாலமன்தான், அவரே கடனைக் கட்டட்டும்" என்று வாதம் வந்தது. கீழ் நீதிமன்றங்கள் அதை ஒப்புக்கொண்டன. ஆனால் 1896-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அதை மறுத்தது. முறைப்படி அமைக்கப்பட்ட நிறுவனம் தனி ஆள், அதன் கடன் அதனுடையது, சாலமனுடையது இல்லை என்று தீர்ப்பளித்தது.

இன்றுவரை சிங்கப்பூர் மாணவர்கள் வர்த்தகச் சட்டத்தில் படிக்கும் முக்கிய வழக்குகளில் அது ஒன்று. 'பிரைவேட் லிமிடெட்' என்பதில் வரும் 'லிமிடெட்' என்ற சொல்லின் அர்த்தமும் இதுதான்: பங்குதாரரின் பொறுப்புக்கு ஓர் எல்லை உண்டு. பங்குக்காக ஒப்புக்கொண்ட பணத்தை நீங்கள் கட்டிவிட்டால், நிறுவனத்தின் கடனுக்காக உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டமுடியாது.

சிங்கப்பூரில் 1 வெள்ளி முதலில்கூட நிறுவனம் தொடங்கலாம். குறைந்தது ஓர் இயக்குநர் இங்கேயே வசிப்பவராக இருக்கவேண்டும், அவருக்கு 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். 6 மாதத்துக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்கவேண்டும். கணக்குப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும்.

சின்ன நிறுவனமும் தணிக்கை செய்யவேண்டுமா? ஒரு தனியார் நிறுவனம் பின்வரும் மூன்றில் இரண்டுக்கு உட்பட்டிருந்தால் சிறு நிறுவனமாகக் கருதப்படும்: ஆண்டு வருமானம் 10 மில்லியன் வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. மொத்தச் சொத்து 10 மில்லியன் வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. ஊழியர்கள் 50 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. பொதுவாக, தொடர்ந்து இரண்டு நிதியாண்டுகளுக்கு அப்படி இருந்தால் தணிக்கை கட்டாயமில்லை. பெரிய குழுமத்தின் அங்கமாக இருந்தால் குழுமம் முழுவதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தணிக்கைதான் விலக்கு, கணக்கு எழுதுவது விலக்கு இல்லை!

தனி ஆள் என்றால் இரு பக்கமும் தனி

நிறுவனத்தின் கடன் உங்களுடையது இல்லை. சந்தோஷம். ஆனால் நிறுவனத்தின் பணமும் உங்களுடையது இல்லை!

100 விழுக்காட்டுப் பங்கும் உங்கள் கையில் இருந்தாலும் சரி. நிறுவனத்தின் அட்டையில் பாலிக்கு விமானச்சீட்டு வாங்கினால் அது 'டிராயிங்ஸ்' ஆகாது. நிறுவனத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. நீங்கள் நிறுவனத்துக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் என்றுதான் எழுதவேண்டும். நாளை நிறுவனம் நொடித்தால், அதைக் கலைக்க வருபவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் வருவார்.

நிறுவனம் என்ற கவசத்தில் வேறு ஓட்டைகளும் உண்டு. முக்கியமான இரண்டு:

சொந்த உத்தரவாதம். புதிய நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி, "இயக்குநரும் கையெழுத்துப் போடட்டும்" என்று கேட்பது சகஜம். போட்டுவிட்டால், நிறுவனம் கட்டாத கடனை நீங்கள் கட்டவேண்டும். சாலமன் வழக்கு அங்கே உதவாது, ஏனென்றால் நீங்களே வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். இன்னொருவர் கடனுக்குக் கொடுக்கும் உத்தரவாதம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் அதை வைத்து வழக்குப் போடமுடியும். ஆகவே கையெழுத்துதான் எல்லாமே. படிக்காமல் போடாதீர்கள்.

பெயரளவு இயக்குநர். "சும்மா உன் பேரை மட்டும் கொடு, ஒரு வேலையும் செய்ய வேணாம், மாசம் கொஞ்சம் காசு தர்றோம்." 18 வயது முடிந்த யாருக்கும் வரக்கூடிய அழைப்பு இது. சட்டத்தில் 'சும்மா இயக்குநர்' என்று ஒரு வகை இல்லை. நேர்மையாகவும் போதிய கவனத்தோடும் செயல்படும் கடமை எல்லா இயக்குநருக்கும் ஒன்றே. தவறினால் அபராதம், சிறை இரண்டுக்கும் இடமுண்டு. அந்த நிறுவனத்தின் கணக்கு வழியாக மோசடிப் பணம் போனால் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பது நல்ல பதில் ஆகாது. தெரிந்துவைத்திருப்பதுதான் உங்கள் வேலையே.

எல்.எல்.பி என்றால்?

நாளை நீங்கள் வேலைக்கு விண்ணப்பிக்கக்கூடிய பெரிய தணிக்கை நிறுவனங்களின் பெயருக்குப் பின்னால் 'எல்.எல்.பி' என்று இருக்கும். வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை என்று பொருள். சிங்கப்பூரில் 2005-இலிருந்து இருக்கிறது. நிறுவனத்தைப் போல அது தனி ஆள். ஆனால் கூட்டாண்மையைப் போல அதை நடத்தலாம். ஒரு கூட்டாளி செய்த தவற்றுக்கு மற்றக் கூட்டாளியின் சொந்தச் சொத்து போகாது. தாமே செய்த தவற்றுக்கு மட்டும் அவரவர் பொறுப்பு.

ஒப்பந்தம்: வாட்ஸ்அப்பில் 'ஓகே' போட்டால் போதுமா?

இதுவரை கடன் யாருடையது என்று பார்த்தோம். கடன் உண்மையிலேயே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பதில் ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது.

நான்கு விஷயம் வேண்டும். ஒருவர் தெளிவாக ஒன்றை முன்வைக்கவேண்டும். மற்றவர் அதை அப்படியே ஏற்கவேண்டும். இரு பக்கமும் ஏதாவது ஒன்றைக் கொடுத்து வாங்கவேண்டும். புத்தகங்கள் இதை மறுபயன் என்கின்றன. சட்டப்படி கட்டுப்படும் எண்ணமும் இருக்கவேண்டும்.

"நல்ல மார்க் எடுத்தா புது ஃபோன் வாங்கித் தர்றேன்" என்று அம்மா சொன்னது ஒப்பந்தமா? இல்லை. வீட்டுக்குள் பேசும் பேச்சில் அப்படி எண்ணம் இருப்பதாகச் சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளாது. வழக்குப் போட நினைக்காதீர்கள்!

ஆனால் வாடிக்கையாளர் "50 டப்பா, ஒன்று 12 வெள்ளி, சனிக்கிழமை வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, நீங்கள் "ஓகே" என்று பதில் போட்டால்? அது ஒப்பந்தம். பெரும்பாலான ஒப்பந்தங்களுக்குத் தாளும் மையும் தேவையில்லை. நில விற்பனை, மேலே சொன்ன உத்தரவாதம் போன்ற சிலவற்றுக்குத்தான் எழுத்து கட்டாயம். 2009 மார்ச் மாதத்திலிருந்து 18 வயதானவர்கள் பெரும்பாலான ஒப்பந்தங்களைத் தாங்களே செய்துகொள்ளலாம். 'நான் சின்னப் பிள்ளை' என்று சொல்ல 21 வயது வரை நேரம் இருப்பதாக நினைக்கவேண்டாம்.

66 வெள்ளிக்கு அச்சு இயந்திரம்

சிங்கப்பூரில் 2003 ஜனவரியில் நடந்த சம்பவம் இது. டிஜிலேண்ட்மால் இணையத்தளத்தில் 3,854 வெள்ளி விலையுள்ள லேசர் அச்சு இயந்திரம் தவறுதலாக 66 வெள்ளி என்று போடப்பட்டிருந்தது. விடியற்காலையில் அதைக் கண்ட ஆறு பேர் மொத்தம் 1,606 இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். "ஆர்டர் உறுதி" என்று தானியங்கி மின்னஞ்சலும் வந்துவிட்டது.

அவர்கள் ஆர்டர் செய்த விலைப்படி மொத்தம் சுமார் 106,000 வெள்ளி. உண்மை விலைப்படி 6.1 மில்லியன் வெள்ளிக்கும் மேல்!

நிறுவனம் பொருளைத் தர மறுத்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. முன்வைப்பு, ஏற்பு, மறுபயன் எல்லாம் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. ஆனால் 2004-இல் வழக்கை விசாரித்த நீதித்துறை ஆணையர் வி.கே. ராஜா, அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. விலை தவறு என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, தெரிந்தே அதைப் பிடித்துக்கொண்டார்கள், அதனால் ஒப்பந்தம் செல்லாது என்றார். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

விலை தவறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது எப்படி நிரூபணமானது? அவர்களுக்குள் நடந்த இணைய உரையாடலும், உண்மை விலை என்னவென்று அவர்கள் இணையத்தில் தேடியதும் சான்றாக வந்தன. உங்கள் 'சேட்' குழுவும் ஒரு நாள் சான்றாகலாம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?

அந்த ஆறு பேருக்கு யாராவது கணக்கு எழுதியிருந்தால், 6 மில்லியன் வெள்ளி சரக்கு வரப்போகிறது என்று எழுதியிருக்கமுடியுமா? ஒப்பந்தமே செல்லாது என்றால் எழுத எதுவும் இல்லை.

வருமானத்தைப் பதிவு செய்வதற்கான கணக்கியல் தரநிலையில் ஐந்து படிகள் இருப்பதைப் படித்திருப்பீர்கள். முதல் படி என்ன? வாடிக்கையாளரோடு உள்ள ஒப்பந்தத்தை அடையாளம் காண்பது. எழுத்தில் இருந்தாலும் சரி, வாய்மொழியாக இருந்தாலும் சரி, அதில் உள்ள உரிமைகளும் கடமைகளும் சட்டப்படி செல்லுபடியாகவேண்டும். அதாவது உங்கள் முதல் பதிவுக்கு முன்பே சட்டம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பணம் வராவிட்டால் எங்கே போவது?

வாடிக்கையாளர் டப்பாக்களை வாங்கிக்கொண்டு காசு தரவில்லை என்றால், சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போகவேண்டும். வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை. நீங்களே பேசவேண்டும். அங்கே உங்களுக்குத் துணை நீங்கள் எழுதிவைத்த கணக்கு, ரசீது, வாட்ஸ்அப் செய்திகள்தான்.

பேனாவை எடுக்கும் முன் நான்கு கேள்வி

பாடத்திலோ வேலையிலோ சொந்த வியாபாரத்திலோ ஒரு கடனைப் பதிவு செய்யும் முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

1. ஒப்பந்தம் இருக்கிறதா? யார் என்ன சொன்னார், யார் ஏற்றுக்கொண்டார்?
2. யார் பெயரில்? தனி ஆளா, கூட்டாண்மையா, எல்.எல்.பியா, நிறுவனமா?
3. சொத்து போதாவிட்டால் யார் கொடுக்கவேண்டும்? வேறு யாராவது உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா?
4. இதை நிரூபிக்க என்ன சான்று இருக்கிறது? அது எங்கே இருக்கிறது?

சட்டம் முழுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரிய தொகை, சிக்கலான ஒப்பந்தம் என்றால் வழக்கறிஞரிடம்தான் போகவேண்டும். ஆனால் எப்போது போகவேண்டும் என்று முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் பெரும்பாலும் கணக்கு எழுதுபவர்தான். எல்லாத் தாளும் முதலில் அவருடைய மேசைக்குத்தானே வருகிறது!

அடுத்த முறை நண்பர் "சேர்ந்து ஒரு பிஸ்னஸ் பண்ணலாமா?" என்று கேட்டால், உற்சாகமாகச் சரி சொல்லுங்கள். கூடவே, "கடன் வந்தா யாரு கட்டுறது?" என்றும் கேட்டுவிடுங்கள்.